பூட்டிய நூலகத்தைத் திறப்போம், ஊர் நலம் பெறட்டும்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் அம்மையார் அவர்களே, நூலகர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு பின்னால் நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து முகாமில் நின்று தொண்டை கட்டிப்போன நிலையிலும் வந்திருக்கிறார். கேட்டதும் நாற்காலிகளைக் கொடுத்தனுப்பிய பள்ளிவாசல் ஜமாத்தாருக்கும், பந்தல் போட்ட கோயில் நிர்வாகத்தாருக்கும் என் நன்றி. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். இன்று அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

'பேச்சும் பழக்கமும் நலமான ஊரும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். தனிமை உடம்பைக் கெடுக்கும் என்பது ஒன்று. நாலு பேர் சந்திக்கிற இடம் உயிரைக் காக்கும் என்பது இரண்டு. கைபேசியைப் பற்றியது மூன்று.

உலக சுகாதார நிறுவனம் சமூக இணைப்புக்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, 2025இல் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார், ஆண்டுக்கு 8,71,000 மரணங்களுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறது அந்த அறிக்கை. மணிக்கு நூறு பேர்! பேச ஆள் இல்லாத குறை மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய் வரை இழுத்துக்கொண்டு போகிறது.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தை ஒரு வெப்ப அலை தாக்கியது. சில நாட்களில் 700 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தனியாக இருந்த முதியவர்கள்தான் அதில் அதிகம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏழைப் பகுதிகள். இரண்டிலும் தனியே வாழும் முதியவர்கள் நிறையப் பேர். ஒன்றில் சாவு மிக அதிகம், மற்றொன்றில் அதில் பத்தில் ஒரு பங்குதான். என்ன வித்தியாசம்? குறைந்த சாவு நடந்த பகுதியில் கடைத்தெரு இருந்தது, தெருவில் நடமாட்டம் இருந்தது, கிழவரும் கிழவியும் வெளியே வந்து போனார்கள். மற்றதில் கடைகள் மூடி, மனைகள் காலியாகி, வயதானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள்.

சிகாகோ வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? நம்ம பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு கிளை நூலகம். காலையில் திறந்ததும் இரண்டு பெரியவர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். மற்றவர் தையல் கடை வைத்திருந்தவர். இரண்டு பேருக்கும் தினம் ஒரே சண்டை, நாளிதழில் வரும் குறுக்கெழுத்துக் கட்டத்துக்காக. எழுத்தர் முந்திக்கொண்டு பென்சிலால் நிரப்பிவிடுவார். "ஊருக்குப் பொதுவான பேப்பரில் எப்படியய்யா எழுதலாம்?" என்று தையல்காரர் சத்தம் போடுவார். நூலகர் நடுவில் வந்து சமாதானம் பண்ணுவார். மறுநாள் திரும்பவும் அதே கதைதான்.

ஒரு நாள் மணி ஒன்பது ஆகியும் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. தையல்காரருக்கு ஏகக் கொண்டாட்டம். உட்கார்ந்து பேனாவிலேயே நிரப்பினார். நிரப்பி முடித்துவிட்டு வாசலைப் பார்க்கிறார். சண்டைக்கு ஆள் வரவில்லை. பத்து மணி. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எழுத்தர் வீட்டுக்கே போய்விட்டார். வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள். கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போனால், கிணற்றடியில் மனிதர் வேர்த்துக் கொட்டி, வாய் குழறிக் கிடக்கிறார். அடுப்பில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. சாப்பிடாமல் சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் போட்டதில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. அடுத்த தெருவில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் பெண் இருந்தார். ஓடி வந்தவர், "தாத்தாவால முழுங்க முடியுதான்னு முதல்ல பாருங்க" என்றார். முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், 108 வந்தது, பிழைத்துக்கொண்டார்.

அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். பாசமான பிள்ளை. தினமும் ராத்திரி வீடியோவில் பேசுவார். அப்பாவும் "நல்லா இருக்கேன்ப்பா" என்பார். ஆனால் காலை பத்து மணிக்கு ஆள் வரவில்லை என்று தெரிந்தது யாருக்கு? சண்டைக்காரருக்கு! ஒரு வாரம் கழித்து நூலகத்துக்கு வந்த எழுத்தர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அன்னைக்கு இடமிருந்து வலம் ஏழாவதை யாருய்யா தப்பாப் போட்டது?"

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். 1931இல் இந்த மன்னார்குடிச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போனது. கனகசபைப் பிள்ளை என்ற பெருமகன் நடத்திய நடமாடும் நூலகம் அது. தொடங்கி வைத்தவர் நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன். 1948இல் சுதந்திர இந்தியாவுக்கே முன்னோடியாக நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அந்தக் கட்டடங்களில் எத்தனை இன்றைக்குப் பூட்டிக் கிடக்கின்றன! திண்ணைதான் போய்விட்டது, இருக்கிற கட்டடத்தையுமா பூட்டி வைப்பது? அதன் வாசலில் நெல் காய்கிறது. நெல் காயட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டுக் காயப் போடுங்கள் என்கிறேன்.

ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் நொந்து வருகிறவர்களிடம் அவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அதனால் மனச்சோர்வு குறைகிறது என்று 2016இல் வந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. அங்கே ஒரு பெஞ்ச் செய்த வேலையை இங்கே ஒரு கட்டடம் செய்யாதா? ஊர் கூடித் தேர் இழுத்தால் செய்யும்.

கைபேசியைப் பற்றிச் சொல்ல வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்து பிள்ளைகளின் கும்மி இருக்கிறது. கைபேசிக் கதையை இன்னொரு மேடையில் பார்க்கலாம்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் ஊருக்கு ஊர் தீர்மானம் கொண்டு வாருங்கள். பூட்டிய நூலகத்தை மாலை நான்கு முதல் எட்டு வரை திறக்க வேண்டும். இரண்டு நாளிதழ், வாசலில் இரண்டு பெஞ்ச், ஒரு குழல் விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை. மாதம் ஒரு நாள் அங்கேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மருத்துவர் அம்மையார் ஆள் அனுப்ப வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள் மனது வைத்தால் சாவி நாளைக்கே கைக்கு வரும். ஊர் கூடித் தேர் இழுக்க நாங்கள் தயார், ஐயா. தீர்மானத்தின் மாதிரிப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. கும்மி முடிந்ததும் ஊருக்கு ஒருவர் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.