நன்கொடை முகவரியை வீடியோவுக்குக் கீழே போடுவதற்கு முன்

வணக்கம். ஹட்டனிலிருந்து பேசுகிறேன். மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் பிட்கொயினில் காசு அனுப்புகிறோம் என்கிறார்கள். ஒரு முகவரியை வீடியோவுக்குக் கீழே போட்டால் போதும்தானே?"

தம்பி, தயவுசெய்து அப்படிப் போட வேண்டாம். பிட்கொயின் என்பது இணையத்தில் கைமாறுகிற காசு. முகவரி என்பது அதை வாங்க நாம் கொடுக்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த தொடர்.

திரையைப் பாருங்கள். இதைக் காட்டுவதற்காகவே நான் உருவாக்கிய முகவரி இது. பிட்கொயின் பரிமாற்றங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய மெம்பூல் ஸ்பேஸ் தளத்தில் ஒட்டுகிறேன். பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை. எப்போது எவ்வளவு வந்தது, எங்கே போனது, மிச்சம் என்ன, எல்லாம் இருக்கிறது. 2009 ஜனவரியில் பிட்கொயின் தொடங்கியதிலிருந்து எல்லாக் கணக்கும் இப்படித்தான் திறந்து கிடக்கிறது, அழிக்கவும் முடியாது. பெயர் மட்டும்தான் அதில் இல்லை. அதை நாமே வீடியோவுக்குக் கீழே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

நம்ம பக்கம் இது சின்ன விஷயமில்லை. லயத்தில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டுக் காசு வந்தால் பொழுது சாய்வதற்குள் டிவிஷன் முழுக்கத் தெரியும். கடன் கேட்பவர்களும் வருவார்கள், மிரட்டுபவர்களும் வருவார்கள். அனுப்பியவர் பாடும் அதுதான். லண்டனிலிருந்து ஒரு அக்கா அனுப்பினால், அந்தக் காசு எந்த முகவரியிலிருந்து வந்தது, அங்கே என்ன நடந்திருக்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். நல்ல மனதோடு கொடுத்தவரை நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது.

பிட்கொயினை உருவாக்கிய சட்டோஷி நகமோட்டோ 2008இல் வெளியிட்ட கட்டுரையிலேயே வழி இருக்கிறது: ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி. இன்றைய வொலட்டுகள், அதாவது பிட்கொயினை வாங்கவும் அனுப்பவும் உதவுகிற செயலிகள், கேட்கக் கேட்கப் புதிது தரும். கொடுப்பவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். நிறையப் பேர் என்றால் பிட்கொயின் வாங்குவதற்கான பிடிசிபே சர்வர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம்தான். அதில் வொலட்டின் பொதுச் சாவியை மட்டும் கொடுத்தால் போதும், ஒவ்வொருவருக்கும் அதுவே புது முகவரி காட்டும். அந்தப் பொதுச் சாவியால் காசை எடுக்க முடியாது. ஆனால் அது வெளியே போனால் எல்லா முகவரியும் தெரிந்துவிடும், கவனம். சின்னத் தொகைகளுக்கு, பிட்கொயினுக்கு மேலே ஓடுகிற லைட்னிங் என்ற வேகமான வலையமைப்பும் நல்லது, ஒவ்வொரு கொடுப்பனவும் பொதுக் கணக்கில் ஏறாது.

சரி, வாங்கியாயிற்று. பலரும் கோட்டை விடுவது செலவில்தான். உங்களிடம் மூன்று நன்கொடை இருக்கிறது என்று வையுங்கள்: 50,000 சட்டோஷி (பிட்கொயினின் மிகச் சின்ன அலகு, உருவாக்கியவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்), 80,000, அப்புறம் 9,00,000. கொழும்பில் ஒருவர் பழைய லெப்டொப்பை 1,20,000க்குத் தருகிறார். வந்த ஒவ்வொரு தொகையும் ஒரு நோட்டு மாதிரி, முழுதாகத்தான் செலவாகும், மிச்சம் திரும்பி வரும். வொலட்டின் போக்கில் விட்டால் அது பெரிய காசை எடுத்து, கிட்டத்தட்ட 7,80,000ஐ மிச்சமாக உங்களுக்குத் திருப்பலாம். விற்றவர் தனக்கு வந்த பரிமாற்றத்தைத் திறந்தாலே அந்த மிச்சம் தெரியும். ஸ்பாரோ, எலக்ட்ரம் போன்ற வொலட்டுகளில் எந்தக் காசைச் செலவழிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நானென்றால் சின்ன இரண்டையும் எடுப்பேன். இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தவை என்று அப்போது தெரிந்துவிடும், அது உண்மை. இதைத் தவிர்க்க முடியாது என்று சட்டோஷியே எழுதியிருக்கிறார். அந்த இரண்டும் ஒரே நன்கொடையாளருடையது என்றால் இன்னும் நல்லது. அதற்காகத்தான் காசு வந்தவுடனே யாருடையது என்று வொலட்டில் குறிப்பு எழுதச் சொல்கிறேன்.

பிட்கொயினை வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சில் விற்று ரூபாயாக்கினால், அடையாள அட்டை கொடுத்த இடம் என்பதால் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும். எல்லா நன்கொடையையும் ஒன்றாகக் கொட்டி அங்கே அனுப்பாதீர்கள், எல்லாமே உங்கள் பெயரோடு சேர்ந்துவிடும். இந்த நாணயங்கள் பற்றி நம்ம மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது, டெபிட், கிரெடிட் கார்டால் இவற்றுக்குக் காசு கட்ட அனுமதியில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அதையும் வாசித்துவிட்டு இறங்குங்கள்.

"அப்போ கணக்கை மறைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. தோட்டத்துத் திருவிழாவுக்குக் காசு சேர்த்தால் கமிட்டி கணக்கு வாசிக்கிறது. அதுபோல மொத்தம் எவ்வளவு வந்தது, லெப்டொப்புக்கு எவ்வளவு, கொப்பிக்கு எவ்வளவு என்று பற்றுச்சீட்டோடு போடுங்கள். கொடுத்தவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

தம்பி, முதல் வேலையாக வகுப்புக்கென்று தனி வொலட் திறங்கள். உங்கள் சொந்தக் காசு அதற்குள் வரவே கூடாது. பிடிசிபே சர்வர் போடுவதை அடுத்த வீடியோவில் முதலிலிருந்து காட்டுகிறேன்.