அதே 3.15 ஆம்பியர் ஃபியூஸ்தானே போட்டேன், ஏன் மறுபடியும் போச்சு?

[திரையில்: கண்ணாடி ஃபியூஸ், மிக அருகில்]

வணக்கம் நண்பர்களே! வீட்டு மின்சாரத்தைச் சாதனத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் பவர் சப்ளை. அதன் பழைய ஃபியூஸில் 3.15 ஆம்பியர் என்று இருந்தது. அதே 3.15 வாங்கிப் போட்டீர்கள். சுவிட்சைத் தட்டியதும் 'பட்'! பவர் சப்ளையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரே ஓர் எழுத்து மாறிப்போயிருக்கலாம்.

பாடப்புத்தகப் பகுதியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் கம்பி உருகி அறுந்துவிடும், அவ்வளவுதான். நம்ம சிங்கப்பூர் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் வேறு, அது வயரைக் காப்பதற்கு. நாம் பேசுவது பெட்டிக்குள் இருக்கும் 5-க்கு 20 மில்லிமீட்டர் பொடிசு.

[திரையில்: உலோக மூடி]

மூடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது? 'டி 3.15 ஏ எல் 250 வி'. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கினால்தான் எனக்குத் தெரிகிறது. 'டி' (T) நிதானமாக உருகும் வகை. 'எஃப்' சட்டென்று உருகும் வகை.

எதற்கு நிதானம்? பவர் சப்ளைக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம், இருக்கிறது. அணைத்துக் கிடக்கும்போது அது காலி. சுவிட்ச் போட்டதும், பசியோடு பந்தியில் உட்கார்ந்தவன் முதல் பிடி அள்ளுவானே, அப்படி அள்ளும். 1 ஆம்பியர்கூடத் தேவைப்படாத பெட்டி, சில மில்லி செகண்டுக்கு 30, 40 ஆம்பியர் இழுக்கும்! இதை முதன்முதலாக மீட்டரில் பார்த்தபோது மீட்டர்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். வயிறு நிரம்பியதும் சமர்த்தாகிவிடும். 'டி' அதுவரை பொறுத்துக்கொள்ளும், 'எஃப்' பொறுக்காது.

"அப்போ 10 ஆம்பியர் போட்டால்?" கமெண்டில் யாராவது கேட்பீர்கள், தெரியும். ஃபியூஸ் பிழைக்கும், போர்டு கருகும். உருகிய ஃபியூஸில் அலுமினியத் தாள் சுற்றும் அங்கிள்களே, உங்களுக்குத் தனி வீடியோ வருகிறது.

வோல்ட் 250 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். 32 வோல்ட் கார் ஃபியூஸை 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் போட்டால், கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி நிற்காமல் ஓடலாம்.

அப்புறம் அந்த 'எல்'. 'எல்' என்றால் பெரும்பாலும் கண்ணாடி. 'எச்' என்றால் பீங்கான், பெரும்பாலும் உள்ளே மணல் இருக்கும். ஷார்ட் ஆகும்போது 'எச்' 1500 ஆம்பியர் வரை பத்திரமாக அறுக்கும். 'எச்' இருந்த இடத்தில் 'எல்' போட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறலாம். 'எல்' இடத்தில் 'எச்' போடலாம், சில காசு கூட ஆகும், என்னைக் கேட்டால் போடுங்கள்.

வாங்க வேண்டிய இடம் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்தால் ஃபியூஸை மறந்து லேப்டாப்போடு வருவீர்கள்.

[திரையில்: இரண்டு உருகிய ஃபியூஸ்கள்]

வாங்கும் முன் பழையதை வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், எழுத்து பார்த்து மாற்றிப் பாருங்கள். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளிப்பூச்சு படிந்திருந்தால், உள்ளே ஏதோ ஷார்ட், புது ஃபியூஸும் போகும். அதை ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், நோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம்.

உங்களுடையது தெளிவா, கறுப்பா? படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், பார்க்கிறேன்.