யோசெபா கற்ற பாடம்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘ஊழியத்துக்குப் போகும் இளைஞர் பெரிதும் செய்வது கற்பித்தலா, கற்றலா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கற்பித்தலே என்றார். அதற்குச் சாட்சியாக ஹவாய்த் தீவுகளை நிறுத்தினார். 1850-ல் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் ஊழியர்கள் தங்கள் சமயத்தைப் பரப்ப அங்கே போய் இறங்கினார்கள், 1855-க்குள் தங்கள் புனித நூலை ஹவாய் மொழியிலேயே அச்சிட்டுவிட்டார்கள், இது கற்பித்தல் இல்லையா என்று கேட்டார். அண்ணா, நானும் அதே தீவுக்குத்தான் வருகிறேன்.

அந்த மொழிபெயர்ப்பில் ஜார்ஜ் கானன் என்ற இளம் ஊழியரோடு உட்கார்ந்து உழைத்தவர் ஜொனாதானா நபேலா. மவுயி தீவில் நீதிபதியாக இருந்த ஹவாய்க்காரர். வந்த ஊழியர்களைத் தம் வீட்டில் வைத்து, சோறு போட்டு, மொழி சொல்லிக்கொடுத்தவர். பின்னாளில் மனைவிக்குத் தொழுநோய் கண்டு, தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த கலாவுபாபாவுக்கு அனுப்பினார்கள். அவரைத் தனியே விட மனமில்லாமல் நபேலாவும் கூடவே போனார். 1879-ல் அங்கேயே கண்ணை மூடினார். ஊழியர்கள் பேசிய ஒவ்வொரு ஹவாய்ச் சொல்லும் இப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வாங்கிய சொல்.

இனி என் வழக்கின் நாயகரைச் சொல்கிறேன். ஜோசப் எஃப். ஸ்மித். ஐந்து வயதில் தந்தை ஹைரமை இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. ஒன்பது வயதில், விதவைத் தாயோடு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு சமவெளியெல்லாம் கடந்து யூட்டாவுக்கு வந்தார். பதின்மூன்றில் தாயும் போய்விட்டார். பள்ளியில் ஆசிரியர் தங்கையை அடிக்கத் தோல்வாரை எடுத்தபோது, இந்தப் பையன் எழுந்து ஆசிரியரையே அடித்துவிட்டார். அத்தோடு பள்ளி முடிந்தது. 1854-ல், பதினைந்து வயதில், ஹவாய்க்குப் போ என்று சபை அழைத்தது. பெற்றோர் இல்லை, படிப்பு இல்லை, உள்ளுக்குள் அடங்காத கோபம். இந்தப் பிள்ளை யாருக்கு எதைக் கற்பிக்கப் போயிருக்கும், சொல்லுங்கள்.

கப்பல் கூலிக்கே பணமில்லை. கலிஃபோர்னியாவில் கூரைக்குப் போடும் மரச் சில்லு அறுக்கும் இடத்தில் கூலி வேலை பார்த்துச் சேர்த்தார். ஹொனலூலுவில் இறங்கி, மவுயிக்குப் போன சில நாளிலேயே காய்ச்சலில் விழுந்தார். பேச்சு புரியாத ஊர். அங்கே ஒரு ஹவாய்க்காரப் பெண்மணி அவரைத் தம் வீட்டில் கிடத்தி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்து எழுப்பினார். சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் குழைத்த உணவுக்கு அங்கே போயி என்று பெயர். அதைத் தின்று, அவர்கள் பாயில் படுத்து, அவர்கள் பேசுவதைக் காதால் வாங்கித்தான் மொழி வந்தது. அவர்கள் நாவில் ஜோசப் என்ற பெயர் ‘யோசெபா’ ஆனது.

வறுமையைச் சொல்லி முடியாது. ஒரு கட்டத்தில் அவருக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல உடுப்பு. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனால் மற்றவர் படுக்கையை விட்டு எழ முடியாது. அந்த நாட்களில் கண்ட ஒரு கனவை அவர் முதுமையிலும் சொன்னார். கனவில் குளித்து, சுத்தமான உடை உடுத்தி, சபைப் பெரியோர் கூடியிருக்கும் ஒரு மாளிகைக்குப் போகிறார். தாமதமாக வந்தாய் என்கிறார் அங்கிருந்த சித்தப்பா. ஆமாம், ஆனால் சுத்தமாக வந்தேன் என்கிறார் இவர். அன்று எழுந்தவன் சிறுவன் இல்லை, மனிதன் என்பதே அவர் பிற்காலத்தில் சொன்ன பொருள். நடுவர் அவர்களே, அந்த இரவில் அவர் முன்னால் ஒரு மாணவரும் இல்லை. கற்றவர் அவர் மட்டுமே.

அவர் வாழ்க்கை முழுவதையும் சரி என்று நிறுவ நான் வரவில்லை. பலதார மணம் செய்தவர். 1906-ல் அதற்காக நீதிமன்றம் 300 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் துரத்திய 1880-களில் அவர் ஒளிந்து வாழ்ந்ததும் ஹவாயின் லாயியேயில்தான். நெருக்கடியில் மனிதன் தாய்வீட்டுக்குப் போவான். அவர் அங்கே போனார்.

1901-ல் சபையின் தலைவரானார். அதே ஆண்டு முதல் சபையின் இளைஞர் சங்கத்துக்கும் அவரே மேலாளர், 1918-ல் சாகும்வரை. அவர் காலத்தில்தான் அந்தச் சங்கம் சாரணர் இயக்கத்தோடு இணைந்தது. 1915-ல், மாதத்தில் ஒரு மாலையாவது குடும்பம் ஒன்றாக உட்கார வேண்டும் என்று வீடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். வீடில்லாமல் வளர்ந்து, அந்நியர் வீட்டில் தாயைக் கண்டவரின் வேண்டுகோளாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

இன்றும் அந்தச் சபை இளைஞர்கள் பதினெட்டில் கிளம்புகிறார்கள். இரண்டு ஆண்டு, இருவர் இருவராக, சொந்தச் செலவில். எத்தனை கதவுகள் மூடப்பட்டாலும், மொழியும் பொறுமையும் அவர்களோடு ஊர் திரும்புகின்றன.

எதிரணி ஒன்றைக் கேட்கலாம்: ஹவாய் மக்கள் அவரிடம் ஒன்றும் பெறவில்லையா? பெற்றார்கள். 1889-ல் யூட்டாவின் பாலைவனத்தில் குடியேறிய ஹவாய் மோர்மன்கள் தங்கள் ஊருக்கு யோசெபா என்றே பெயர் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. யார் அதிகம் பெற்றார் என்பதே வழக்கு.

கடைசியாக ஒரு காட்சி. அவருக்கு முடியெல்லாம் நரைத்துவிட்ட காலம். சபைத் தலைவராக ஹொனலூலு துறைமுகத்தில் இறங்குகிறார். கூடப்போன சார்லஸ் நிப்லி எழுதி வைத்திருக்கிறார். வரவேற்கக் கூட்டம், மாலைகள், இசை. அந்தக் கூட்டத்துக்குள் கண் தெரியாத ஒரு மூதாட்டி, ‘யோசெபா, யோசெபா’ என்று கூப்பிட்டபடி வருகிறார். குரல் கேட்டதும் தலைவர் எல்லோரையும் விட்டு ஓடுகிறார். கட்டி அணைத்து, ‘அம்மா, அம்மா’ என்கிறார். பிறகு கண்ணீரோடு நிப்லியிடம் திரும்பி, நான் நோயில் கிடந்த சிறுவனாக இருந்தபோது என்னைக் காப்பாற்றியவர் இவர் என்கிறார்.

அந்த அம்மாவின் கையில் நல்லதாகப் பார்த்து எடுத்துவந்த சில வாழைப்பழங்கள் இருந்தன. மகனுக்குக் கொடுக்க.

நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.