ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ்: அந்த ஒரு வரியை நம்பி ஃபைலை மூடலாமா?

வணக்கம் மக்களே. இந்தக் காகிதத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... சரி. பெயரை மறைத்துவிட்டேன். மூன்றாவது வரியைப் பாருங்கள்: 'ஹெச்பிஎஸ்ஏஜி, நான்-ரியாக்டிவ்'. இதைப் பார்த்ததும் "அப்பாடா, ஹெபடைடிஸ் பி இல்லை" என்று மடித்து ஃபைலில் வைத்துவிடுவோம். நான் லேபில் வேலை பார்க்கிற ஆள், டாக்டர் இல்லை. ஆனால் அந்த வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க முடியும்.

ஹெச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது ரத்தத்தில் தென்படவில்லை, அவ்வளவுதான் அந்த வரிக்கு அர்த்தம். வைரஸோ கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை ஒரு வளையமாக விட்டுவைக்கிறது. நம் எதிர்ப்புச் சக்தி ஜெயித்த பிறகும் பலருக்கு அந்த வளையம் போவதில்லை. மேலுறைப் புரதம் நெகட்டிவ், கல்லீரலில் டிஎன்ஏ மட்டும் இருக்கிறது என்றால் அதை 'ஒக்கல்ட்' ஹெபடைடிஸ் பி என்பார்கள். மறைந்திருக்கும் தொற்று. ரத்தத்தில் டிஎன்ஏ கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 200 யூனிட்டுக்குக் கீழேதான். சில நாள் பிசிஆரில் சிக்கும், சில நாள் சிக்காது.

வேறு கல்லீரல் நோய் இருப்பவர்கள்தான் இதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். இத்தாலியில், சிசிலித் தீவின் மெசினா நகர மருத்துவர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் சி இருந்து, ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவாக இருந்த 200 பேரின் கல்லீரலிலிருந்து ஊசியால் எடுத்த பயாப்சித் துணுக்குகளில் பி வைரஸின் டிஎன்ஏவைத் தேடினார்கள். 66 பேருக்கு இருந்தது. மூன்றில் ஒருவர்! சி இல்லாமல் வேறு கல்லீரல் நோய் இருந்த 50 பேரில் 7 பேருக்கு இருந்தது. அப்புறம் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், அதன் கணக்கு: அந்த 66 பேரில் 22 பேருக்கு, மீதி 134 பேரில் 26 பேருக்கு. பி வைரஸ்தான் சிரோசிஸைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டுகொள்ளாமல் விடவும் மனசு வரவில்லை.

இன்னொரு சங்கதி. சி வைரஸ் இருக்கும்வரை பி வைரஸை அது அமுக்கியே வைத்திருக்கும். புது மாத்திரைகள் சி-யைத் துடைத்துவிட்டால் பி தலைதூக்கலாம். இப்படி 24 பேருக்கு நடந்தது, அதில் 2 பேர் இறந்தார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவான ஆட்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி போடப்போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ஆபத்து நிஜமாகவே அதிகம், முன்கூட்டியே வைரஸை அடக்கும் மாத்திரை கொடுப்பார்கள்.

"கீழாநெல்லி சாப்பிட்டேன், நெகட்டிவ் ஆகிவிட்டது" என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. அதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை விடுங்கள். மறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மறைந்தது மேலுறைப் புரதம். வளையம் போனதா என்பது தனிக் கேள்வி.

சரி, என்ன செய்யலாம்? பயாப்சிக்கெல்லாம் ஓட வேண்டாம். ஹெபடைடிஸ் சி, சிரோசிஸ் என்று ஏற்கெனவே இருந்தாலோ, கீமோ மாதிரி சிகிச்சை தொடங்கப்போனாலோ, டாக்டரிடம் ஆன்ட்டி-ஹெச்பிசி டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வைரஸின் உள்கருப் புரதத்துக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை இது. தடுப்பூசி போட்டதால் மட்டும் இது பாசிட்டிவ் ஆகாது, ஊசியில் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது. பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் உண்மையான வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது. இதுவும் முழுசாகக் காட்டிக்கொடுக்காது: மெசினாவின் 66 பேரில் 46 பேருக்குத்தான் பாசிட்டிவ். லேபில் சீட்டைக் கொடுக்கும்போது 'டோட்டல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'டோட்டல்' என்றால் பழைய, புதிய ஆன்டிபாடி எல்லாம் சேர்த்து; முதலில் உண்டாகும் ஐஜிஎம் வகையை மட்டும் எடுத்தால் சமீபத்தில் வந்த தொற்றைத்தான் காட்டும், பழைய கணக்கு அதில் வராது.