கறுப்புப் பட்டாளம் நடந்த பாதை

[காட்சி: கலஹா வீதி. மழை விட்ட காலை. மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு).]

"பெருவெள்ளம் வந்த வருடம்தான் கறுப்புப் பட்டாளம் நம் தோட்டத்து ரோட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு போனது."

என் அம்மாயி இதைச் சொல்லத் தொடங்கினாலே வீட்டில் யாராவது குறுக்கிடுவார்கள். ஆப்பிரிக்காக்காரனுக்குக் கண்டி மலையில் என்ன வேலை? எங்காவது படத்தில் பார்த்திருப்பாய் என்பார்கள். மாமாவின் வாதம் இன்னும் பலமானது. மலைநாட்டைப் பெருவெள்ளம் அடித்தது 1947 ஆகஸ்டில். யுத்தம் 1945இலேயே முடிந்துவிட்டது. பிறகு எந்தப் பட்டாளம்? அத்துடன் பேச்சு நின்றுவிடும். அம்மாயி வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொள்வார்.

நானும் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை வருந்துகிறேன். அவர் சொன்னதில் வருடம் ஒன்றுதான் பிழை. எப்படி என்று பார்ப்போம்.

[காட்சி: பழைய வரைபடம். கொழும்பு, கண்டி, தியத்தலாவை.]

மலைநாட்டுக்குப் பட்டாளம் புதிதல்ல. 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போவர் கைதிகள் சுமார் 5,000 பேரைப் பிரிட்டிஷார் தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்தார்கள். அதே ஆண்டில் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை உருவானது. அதன் தலைமையிடம் கண்டி. முதலாம் உலகப் போர் தொடங்கியதும், 1914 அக்டோபரில் அந்தத் துரைமார் படையிலிருந்து 237 பேர் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். பிறகு துருக்கியின் கலிப்போலி முனையில், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலாக நின்றார்கள்.

அதாவது நம் பாட்டன் பூட்டன்மாரைக் காலையில் வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பிய துரைமாரில் பலர் பகுதிநேரப் படையினர். அந்த வரிசைக்குத் தோட்டத்தில் என்ன பெயர்? பெரட்டு. 'பரேட்' என்ற சொல் நம் வாயில் பெரட்டு ஆனது. தப்பு மேளம் அடித்து எழுப்பி, பெரட்டுக் களத்தில் நிறுத்தி, பெயர் வாசித்து, யார் எந்த மலையில் வேலை செய்வது என்று பிரித்துக் கொடுப்பார்கள். சீருடை அணியாதவர்களுக்கும் அன்றாடம் அணிவகுப்பு இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலையில். பர்மாவும் கைவிட்டுப் போனதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, லயத்து அடுப்பில் கோதுமை மா ரொட்டி ஏறியது. இந்தக் கூப்பனை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அமெரிக்க உளவுத்துறையும் கண்டியில் கடை விரித்தது. அதில் கோப்புகளைப் பராமரித்த பெண் ஒருவர்தான் பின்னாளில் தொலைக்காட்சிச் சமையலால் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட். கணவரைச் சந்தித்ததும் இலங்கையில்தான்.

[காட்சி: மூடுபனி. தியத்தலாவை ரயில் நிலையம்.]

போர் முடிந்து ஊர் திரும்பிய படையினர் முதுமையில் இந்த மலையை எப்படி நினைவுகூர்ந்தார்கள்? 2003 முதல் 2006 வரை பிபிசி பொதுமக்களின் போர்க்கால நினைவுகளைத் திரட்டியது. 47,000 கதைகள் சேர்ந்தன. இலங்கையில் பணியாற்றியவர்களின் கதைகளும் அவற்றில் உண்டு.

இப்படிப்பட்ட நினைவுகளை நான் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். உடம்பு பட்டது அவற்றில் அப்படியே இருக்கிறது. துறைமுகப் புழுக்கத்திலிருந்து ரயிலேறி, 4,000 அடிக்கு மேலே தியத்தலாவை ஓய்வு முகாமில் இறங்கிய கடற்படையாளுக்குக் கம்பளியின் கனம் 60 ஆண்டுக்குப் பிறகும் மறக்கவில்லை. காலில் ஏறிய அட்டை மறக்கவில்லை. எந்த மாதம், எந்த முகாம், யார் அதிகாரி என்பதில்தான் தடுமாற்றம். இரண்டு மழைக்காலம் ஒன்றாகிவிடும். வேறொருவர் சொன்னது தான் கண்டதாகிவிடும். அதைப் பொய் என்று ஒதுக்குவது பெரும் தவறு. நினைவு திகதியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. வலுவான இன்னொரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிடியைக் கண்டுபிடிப்பதுதான் கேட்பவரின் வேலை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. தேநீரின் வாசனை நினைவிருந்தவர்களுக்கு அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களின் பெயர் தெரியவில்லை. சாலையோரத்துச் சிறுவர்கள், கூடை சுமந்த பெண்கள் என்று ஒரு வரியில் நம் ஆட்கள் கடந்து போகிறார்கள். சாலையோரத்தில் நின்ற அந்தச் சிறுவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்தச் சிறுமிகளில் ஒருத்திதான் என் அம்மாயி.

[காட்சி: கிழக்கு ஆப்பிரிக்க வரைபடம். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு ஒரு கோடு.]

கென்யா, உகாண்டா, தங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலம்), நியாசாலாந்து (இன்றைய மலாவி) ஆகிய நாடுகளில் திரட்டப்பட்ட வீரர்கள் 1942 முதல் இலங்கைக்கு வந்தார்கள். 1943இல் அமைக்கப்பட்ட 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு பர்மாக் காட்டுச் சண்டைக்கு இலங்கையில்தான் பயிற்சி எடுத்தது. 1944 நடுப்பகுதியில் புறப்பட்டுப் போய், கொட்டும் மழையில் கபாவ் பள்ளத்தாக்கு வழியாக ஜப்பானியரைத் துரத்தியது.

வந்து சேராதவர்களும் உண்டு. 1944 பிப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெதீவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மாலைதீவுக்கு அருகே மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினர்.

இலங்கை வழியாகப் பர்மா சென்ற கென்ய வீரர்களில் வருஹியு இதோதே ஒருவர். பிற்காலத்தில் பிரிட்டிஷாரையே எதிர்த்து மாவ் மாவ் போராளிகளுக்குத் தலைமை தாங்கியவர். பர்மாவில் ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் கேட்ட கேள்வியை அவர் எழுதி வைத்திருக்கிறார்: நான் என் நாட்டைக் காக்கச் சண்டையிடுகிறேன், நீ எதற்காகச் சண்டையிடுகிறாய் என்ற பொருளில் அவன் கேட்டான். அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத்தாரின் பேரன் நான். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்ச் சற்று நின்றேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் படைப்பிரிவு 1944 நடுவிலேயே போய்விட்டது. ஆகவே 1947 பெருவெள்ளம் பொருந்தாது. மறுபடியும் அம்மாயியிடம் போனேன். இந்த முறை வருடத்தைக் கேட்கவில்லை. "அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. "ரொட்டிதான். கூப்பன் அரிசி தீர்ந்துபோய் அம்மா அழுதது."

கூப்பன் வந்த பிறகு, படை புறப்படும் முன்பு. 1942க்கும் 1944க்கும் இடையே. அம்மாயிக்கு ஏழெட்டு வயது. பாதை நெடுகச் சேறாக இருந்ததாலும், மழை நிற்காமல் பெய்ததாலும் அந்த மழை பின்னாளில் பெருவெள்ளத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

[காட்சி: கண்டி போர்க் கல்லறைத் தோட்டம். வெட்டிவிட்ட புல், வரிசையாக வெள்ளைக் கற்கள்.]

அடுத்த வாரம் அவரைக் கண்டி போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். பேராதனைப் பக்கமாக, மகாவலிக்கு அருகே இருக்கிறது. சுமார் 200 கற்கள். பிரிட்டிஷார், கனடியர், இலங்கையர், இத்தாலியர் என்று பலர் படுத்திருக்கிறார்கள். ஒரு வரிசையில் கிழக்கு ஆப்பிரிக்கர்.

மாமாவும் வந்திருந்தார். கல்லில் செதுக்கியிருந்த படையின் பெயரை வாசித்தார். இரண்டாவது கல்லையும் வாசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார்.

"இவனுக்கு என்ன வயது?" என்று அம்மாயி கேட்டார்.

குடும்பத்தார் தெரிவித்திருந்தால்தான் வயதைப் பொறிப்பார்கள். அந்தக் கல்லில் பெயர், இலக்கம், இறந்த திகதி மட்டும் இருந்தன. இல்லை என்றேன்.

"மீசை கூட இல்லாத பிள்ளைகள். ஒருவன் எனக்கு பிஸ்கட் கொடுத்தான். வாங்காமல் ஓடிவிட்டேன்."

கல்லின் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு விரலால் அதன்மேல் தட்டத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு சீராக. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு.

"பாட்டு வார்த்தை தெரியாது. காலை இப்படித்தான் வைத்தார்கள்."

போனில் பதிவு செய்தேன். 11 விநாடி. பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[ஒலி: கல்லில் விரல் தட்டும் சத்தம். 11 விநாடி. திரையில் எழுத்து எதுவும் இல்லை.]