பேலினுக்குக் கிடைக்காத 2,621 வாக்குகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புகழ் உண்டு, தொண்டர் படை உண்டு, தொலைக்காட்சியைத் திறந்தால் அந்த முகம் உண்டு. ஆனால் ஒரு பாதி கொண்டாடும்போது மறு பாதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் மறுபடியும் தேர்தலில் நின்று வெல்ல முடியுமா என்று கேட்டால், நாம் வழக்கமாகக் கூட்டத்தைக் காட்டிப் பதில் சொல்கிறோம். எத்தனை பேர் திரண்டார்கள், எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று பேசுகிறோம். திரளாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நம்மிடம் கணக்கு இருப்பதில்லை. ஓர் இடத்தில் அந்தக் கணக்கு அப்பட்டமாகக் கிடைத்தது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம், 2022 ஆகஸ்ட் 16, வேட்பாளர் சாரா பேலின். ஒவ்வொரு சீட்டிலும் வாக்காளர் யாரை முதலாவதாகக் குறித்தார், யாரை இரண்டாவதாகக் குறித்தார் என்ற பதிவை, வாக்காளர் பெயர் தெரியாத வகையில், அங்கே பொதுவில் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று பேலினைப் பேச எடுத்துக்கொண்டேன்.

அவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசில்லா என்ற சிற்றூரில் 1992-ல் நகர்மன்ற உறுப்பினர், 1996-ல் மேயர். 2006-ல் தன் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் பதவியில் இருந்த ஆளுநர் பிராங்க் மர்கவ்ஸ்கியையே உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்து, பின்பு பொதுத் தேர்தலிலும் வென்று ஆளுநரானார். நம் ஊர் ஆளுநர் நியமனத்தில் வருபவர். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரைப் போல மக்கள் தேர்ந்தெடுப்பவர். 2007-ல் எண்ணெய் நிறுவனங்கள் மீதான வரியை உயர்த்தினார். அதற்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினரின் வாக்குகள் துணையாக இருந்தன. 2008-ல் எண்ணெய் வருமானத்திலிருந்து ஒவ்வொரு அலாஸ்காவாசிக்கும் வழக்கமான பங்கு 2,069 டாலரோடு கூடுதலாக 1,200 டாலர் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கருத்துக்கணிப்புகளில் அவருக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேலின் பிறவியிலேயே பிளவை உண்டாக்கியவர் அல்லர். எதிர்க்கட்சிக்காரரும் 'பரவாயில்லை, இந்த அம்மா நல்லதுதான் செய்கிறார்' என்று சொன்ன தலைவர் அவர்.

2008 ஆகஸ்ட் 29-ல், குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். இரண்டே மாதத்தில் உலகப் புகழ் வந்தது. அதோடு உலக வெறுப்பும் வந்தது. அந்தத் தேர்தலில் தோற்று ஊர் திரும்பியவர், 2009 ஜூலையில், நான்காண்டுப் பதவிக்காலம் முடிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருக்கையில், ஆளுநர் பதவியை விட்டு விலகினார். நெறிமுறைப் புகார்களும் வழக்குச் செலவும் காரணம் என்றார். அதன் பிறகு தொலைக்காட்சி, மேடைப் பேச்சு, நூல் என்று பதின்மூன்று ஆண்டுகள். என் கணிப்பில், தேர்தல் தோல்வியைவிட இந்த ராஜினாமாதான் அவருக்குப் பெரிய கேடு செய்தது. தோற்றவருக்கு மக்கள் மறுபடி வாய்ப்பு கொடுப்பார்கள். கொடுத்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் மறுபடி வேலை கேட்டு வந்தால், ஏற்கெனவே வாக்களித்தவரே யோசிப்பார்.

இனி 2022-க்கு வருவோம். 1973 முதல் 49 ஆண்டுகள் நம் மக்களவையைப் போன்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அலாஸ்காவின் ஒரே உறுப்பினராக இருந்த டான் யங் மார்ச் 18 அன்று இறந்தார். இடைத்தேர்தல் வந்தது. 2020-ல் மக்கள் வாக்கெடுப்பில் மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறிய புதிய முறை அப்போதுதான் முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். வாக்காளர் ஒருவரைக் குறிக்கலாம். முதல் நால்வர் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். இரண்டாம் கட்டத்தில் வாக்காளர் 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்தலாம்.

இந்த இரண்டாம் கட்டம் நமக்குப் புதிதல்ல. நம் குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. 1969-ல் வி.வி. கிரிக்கு முதல் விருப்ப வாக்கு மதிப்பு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி வரவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளின் அடுத்த விருப்பத்தை எண்ணியதில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டியிடம் போயும், கிரிக்கு வெற்றிக்குத் தேவையான அளவு போய்ச் சேர்ந்தது.

அலாஸ்காவின் முதல் கட்டத்தில் 48 பேர் நின்றார்கள். பேலின் 27 சதவீதத்தோடு முதலிடம். நிக் பெகிச் 19, ஆல் கிராஸ் 13, மேரி பெல்டோலா 10. இங்கே கவனியுங்கள்: கூட்டம் நெரிகிற களத்தில் புகழ் உள்ளவருக்கு எப்போதும் லாபம். 48 பெயரில் 47 பெயரைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு பெயர் தானாகக் கண்ணில் படும். வெறுப்பவர்களின் வாக்கு 47 துண்டாகச் சிதறும். 'பேலின் திரும்பி வந்துவிட்டார்' என்று எழுதிய செய்தியாளர்கள் இந்த 27-ஐத்தான் பார்த்தார்கள். மீதி 73 எங்கே போகும் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஆல் கிராஸ் விலகிக்கொண்டார். தேர்தலுக்கு 64 நாளுக்குள் விலகினால் ஐந்தாம் இடத்தவரை உயர்த்த முடியாது என்பது சட்டம். ஆகவே களத்தில் மூவர்தான். முதல் விருப்பம் இப்படி வந்தது: ஜனநாயகக் கட்சி பெல்டோலா 75,799. குடியரசுக் கட்சி பேலின் 58,973. அதே கட்சியின் பெகிச் 53,810. பெகிச் நீக்கப்பட்டார். அவருடைய 53,810 சீட்டுகளைப் பிரித்தார்கள். பேலினுக்கு 27,053. பெல்டோலாவுக்கு 15,467. யாருக்கும் போகாமல் நின்றுபோனவை 11,290. கூட்டினால் பெல்டோலா 91,266, பேலின் 86,026. வித்தியாசம் 5,240.

இந்த எண்களை வைத்து எத்தனையோ தவறான விளக்கங்கள் உலாவுகின்றன. நின்றுபோன 11,290 சீட்டுகளால்தான் பேலின் தோற்றார் என்பது முதல் விளக்கம். கணக்குப் போடுவோம். போய்ச் சேர்ந்த 42,520 சீட்டுகளில் பேலினின் பங்கு ஏறத்தாழ 63.6 சதவீதம். நின்றுபோனவையும் அதே விகிதத்தில் பிரிந்திருந்தால் பேலினுக்குக் கூடுதல் லாபம் சுமார் 3,080. அப்போதும் அவர் இரண்டாயிரத்துக்கு மேல் பின்தங்குவார். இரண்டாவது விளக்கம், பேலின் இந்த வரிசை முறையையே எதிர்த்துப் பேசியதால் அவருடைய ஆதரவாளர்கள் இரண்டாம் பெயரைக் குறிக்காமல் விட்டார்கள், அதனால் தோற்றார் என்பது. அவர்களில் சுமார் 21,000 பேர் பேலின் பெயரோடு நிறுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பேலின் நீக்கப்படவே இல்லை. அவருடைய கட்டுச் சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தை யாரும் பார்க்கத் தேவையே வரவில்லை.

அவரை வீழ்த்தியது அந்த 15,467. தன் கட்சியின் இன்னொரு வேட்பாளருக்கு முதல் வாக்கைப் போட்டவர்கள், இரண்டாவதாகப் பேலினைத் தாண்டி எதிர்க்கட்சிக்குப் போனார்கள். இவர்களில் 2,621 பேர், அதாவது ஆறில் ஒருவர், பேலினைக் குறித்திருந்தால் முடிவு மாறியிருக்கும். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெகிச்சின் தாத்தாவும் சித்தப்பாவும் ஜனநாயகக் கட்சியில் நாடாளுமன்றம் போனவர்கள். அந்தக் குடும்பப் பெயருக்காகவே வாக்களித்த ஜனநாயகக் கட்சியினரும் அந்த 15,467-ல் இருந்திருப்பார்கள். ஆகவே அத்தனையையும் பேலின் மீதான வெறுப்பு என்று எழுதிவிட முடியாது.

வெறுப்பை அளக்க வேறோர் அளவுகோல் உண்டு. பெல்டோலாவின் சீட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். அவருக்கு முதல் வாக்குப் போட்டவர்களில் ஏறத்தாழ 47,000 பேர் இரண்டாவதாகப் பெகிச்சைக் குறித்திருந்தார்கள். பேலினைக் குறித்தவர்கள் சுமார் 4,600 பேர். இருவரும் ஒரே கட்சி. கொள்கையில் பெரிய தூரமும் இல்லை. பத்துக்கு ஒன்று என்ற இந்த வித்தியாசம் முழுக்க அந்த மனிதரைப் பற்றியது. இத்தனைக்கும் பெல்டோலாவும் பேலினும் பகைவர்கள் அல்லர்; பேலின் ஆளுநராக இருந்த காலத்தில் பெல்டோலா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், இருவரும் ஒருவரையொருவர் மேடையில் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். சண்டை முழுக்கப் பேலினுக்கும் பெகிச்சுக்கும் இடையில் நடந்தது. இரண்டாம் வாக்கை யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களுடைய தலைவரையே திட்டிக்கொண்டிருந்தார் பேலின். இந்த முறையில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. மூன்றாமிடத்தில் இருப்பவரின் தொண்டர்தான் உங்கள் அடுத்த வாக்காளர். அவர் வீட்டு வாசலில் நின்று 'உங்கள் ஆளுக்கே முதல் வாக்குப் போடுங்கள், இரண்டாவது எனக்கு' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் முழுப் பதவிக்காலத்துக்கான தேர்தல் வந்தது. பெல்டோலா முதல் விருப்பத்தில் 48.8 சதவீதம், பேலின் 25.7, பெகிச் 23.3. இறுதிச் சுற்றில் பெல்டோலா 55, பேலின் 45. தோல்வி பெரிதானது. அதே நாளில் அதே வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் மைக் டன்லீவியை முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் கொடுத்து ஆளுநராக்கினார்கள். செனட் தேர்தலில் லீசா மர்கவ்ஸ்கி, டிரம்ப் ஆதரித்த கெல்லி சிபாக்காவைவிட முதல் விருப்பத்தில் ஒரு சதவீதம்கூட முந்தவில்லை: 43.4, 42.6. ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் 10 சதவீதச் சீட்டுகள் பிரிந்தபோது அதில் பெரும்பகுதி மர்கவ்ஸ்கிக்குப் போனது, 53.7-க்கு 46.3 என்று வென்றார். 2006-ல் பேலின் தோற்கடித்த அதே பிராங்க் மர்கவ்ஸ்கியின் மகள் இவர். பேலினுக்கு மூடியிருந்த இரண்டாம் விருப்பக் கதவு இவருக்குத் திறந்தது.

தோல்விக்குப் பழி எண்ணும் முறை மேல் விழுந்தது. பழைய முறை இருந்திருந்தால் வென்றிருப்பாரா? மூவரும் நின்று அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்றால், 75,799 பெற்ற பெல்டோலாவே வெற்றி. கட்சிக்குள் தேர்தல் வைத்துப் பெகிச்சை வெளியேற்றி, பேலினும் பெல்டோலாவும் நேருக்கு நேர் நின்றால்? கடைசிச் சுற்று நேருக்கு நேர்தானே, அதில்தான் 5,240-ல் தோற்றார். மாறாக, பேலின் இல்லாமல் பெகிச் மட்டும் நின்றிருந்தால், அதே சீட்டுகளின்படி பெகிச் பெல்டோலாவை எண்ணாயிரத்துக்கு மேல் முந்தியிருப்பார். இது இந்த முறையின் உண்மையான குறை: எல்லோருக்கும் ஏற்பானவர் முதல் விருப்பம் குறைந்ததால் முதலில் வெளியேறிவிடுகிறார். அந்தக் குறையால் நஷ்டப்பட்டவர் பெகிச், பேலின் அல்லர்.

அப்படியானால் இப்படிப்பட்டவர்கள் எங்கே வெல்கிறார்கள்? வாக்கு மூன்றாக, நான்காக உடைந்து, உடைந்த துண்டில் பெரியதே போதும் என்ற இடத்தில். மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வென்டுரா 1998-ல் மின்னசோட்டா ஆளுநரானது 37 சதவீதத்தில். பிரான்ஸில் அதிபராகப் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி. அங்கே 2002-ல் தீவிர வலதுசாரித் தலைவர் ஜான் மரி லெ பென் முதல் சுற்றில் 16.9 சதவீதம் பெற்று இரண்டாமிடம் வந்து உலகையே அதிரவைத்தார். இரண்டு வாரம் கழித்து இருவர் மட்டும் நின்ற சுற்றில் அவருக்கு 17.8. ஒரு சதவீதம் கூடவில்லை. அவரை விரும்பியவர்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள். மற்றவர்களில் ஏறக்குறைய யாரும் வரவில்லை.

கருத்துக்கணிப்பைக் கையில் எடுத்தால் 'யாருக்கு வாக்களிப்பீர்கள்' என்ற கேள்விக்கு முன் மூன்று எண்களைத் தேடுங்கள்: பிடிக்கும், பிடிக்காது, தெரியாது. பெயர் தெரியாத புதியவருக்கு 'தெரியாது' 60 என்றால், பணமும் உழைப்பும் போட்டு அந்த அறுபதிலிருந்து ஆதரவு சேர்க்கலாம். நட்சத்திரத்துக்கு 'தெரியாது' நாலோ ஐந்தோதான். பிடிக்கும் 42, பிடிக்காது 54 என்று வைத்துக்கொண்டால், மீதி நான்கு பேரும் வந்தாலும் 46. விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணம், ஏற்கெனவே முடிவெடுத்தவர்களின் காதிலேயே மறுபடி விழும். பிடிக்காது என்றவரின் மனத்தை மாற்ற விளம்பரம் போதாது. ஒரு பதவியில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்து காட்ட வேண்டும். பேலினுக்கு அந்தப் பதவி கையில் இருந்தது. 2009 ஜூலையில் அவரே அதைக் கீழே வைத்தார்.

வசில்லா இருக்கிற மட்டனுஸ்கா-சுசிட்னா பகுதி குடியரசுக் கட்சிக்கு உறுதியானது. அங்கே ஒரு மாநிலச் சட்டமன்றத் தொகுதியில் அவர் நின்றால் வெல்லக்கூடும் என்றே நான் நினைக்கிறேன். மாநிலம் முழுவதுக்குமான பதவிக்கு வழி தெரியவில்லை. அவருடைய கட்சியே அதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2024-ல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் பேலின் நிற்கவில்லை. முதல் கட்டத்தில் மூன்றாமிடம் வந்த குடியரசுக் கட்சியின் நான்சி டால்ஸ்ட்ரம், வாக்கு பிரியக் கூடாது என்று தானே விலகி வழிவிட்டார். நிக் பெகிச், இரண்டு முறை மூன்றாமிடத்தில் வெளியேற்றப்பட்ட அதே பெகிச், இறுதிச் சுற்றில் 51 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்று பெல்டோலாவைத் தோற்கடித்தார். வரிசை முறையை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானமும் அதே சீட்டில் இருந்தது. அது 750-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.