அழைத்தவளும் உட்காரும் கொலு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பண்டிகைக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை, கையைக் கடிக்காத செலவில், அலுப்பில்லாமல், பார்க்கவும் அழகாக வரவேற்பது எப்படி என்று பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, எனக்கு நவராத்திரியைத் தவிர வேறு பண்டிகை நினைவுக்கு வரவில்லை. தீபாவளிக்கு வருகிறவர்கள் உறவுக்காரர்கள். சமையலறைவரை வந்து தாங்களே காபி கலந்துகொள்வார்கள். பொங்கலன்று அவரவர் வீட்டில் அவரவர் பானை. மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் அந்த ஒன்பது இரவுகளில்தான், அடுத்த தெருவில் குடியிருப்பவர், மகளின் பாட்டு ஆசிரியை, கணவருடைய அலுவலகத் தோழரின் குடும்பம் என்று, மற்ற நாள்களில் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறவர்கள்கூட நம் கூடத்துக்குள் வந்து பாயில் உட்காருகிறார்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் இரண்டாம் மாடியில் வாடகை வீட்டில் இருப்பவள். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. நவராத்திரி பெரும்பாலும் காலாண்டுத் தேர்வை ஒட்டி வருவதால், கொலுப்படிக்குப் பக்கத்திலேயே திருத்தாத விடைத்தாள் கட்டுகளும் எங்கள் வீட்டில் கொலுவிருக்கும். தனிக்குடித்தனம் வந்த பிறகு நான் வைத்த முதல் கொலுவுக்கு, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் தெரிந்தவர் அத்தனை பேரையும் அழைத்தேன். சுண்டல் போதாது என்று வடை, வடை மட்டும் போதாது என்று பாயசம். மாலை ஐந்து மணிக்கு அடுப்படிக்குப் போனவள் எட்டரை மணிக்குத்தான் வெளியே வந்தேன். என் அம்மாவுடைய பால்ய சிநேகிதி, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, ஒரு பாட்டும் பாடி, தாம்பூலத்தை என் மகளிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பாடிய குரல் வடை பொரிகிற சத்தத்துக்கு மேலாக ஒன்றிரண்டு அடி கேட்டது. அவ்வளவுதான்.

அன்றிரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் பார்த்தேன். கொலுவுக்கு வருகிறவர் நம் வீட்டில் இருப்பது சராசரியாகக் கால் மணி நேரம். பொம்மை பார்க்கிறார், பாடச் சொன்னால் பாடுகிறார், ஒரு தொன்னைச் சுண்டல் சாப்பிடுகிறார், குங்குமம் இட்டுக்கொண்டு தாம்பூலம் வாங்கிப் புறப்படுகிறார். அந்தக் கால் மணி நேரத்தில் அவருக்கு வேண்டியது நம் முகம். வடையும் பாயசமும் நம்மை அவர் பக்கத்தில் உட்காரவிடாமல் செய்கிற பொருள்கள். அதற்குப் பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்கள் எல்லாமே, மாலை ஐந்தரை மணிக்குமேல் அடுப்படிக்குப் போகக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டிலிருந்து வந்தவை.

முதலில் அழைப்பு. முன்பெல்லாம் பெண் குழந்தைகள் பாவாடை சட்டை உடுத்தி, கையில் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைப்பார்கள். இப்போது வாட்ஸப்பில் ஒரு பொம்மைப் படத்தைப் போட்டு, ஒன்பது நாளும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று எழுதிவிடுகிறோம். தாராளமாகத் தோன்றினாலும் இரு தரப்புக்கும் தொல்லை தருவது இதுதான். ஒன்பது நாளும் வீட்டுக்காரி பட்டுப்புடவையோடு காத்திருக்க வேண்டும். வருகிறவருக்கோ, எந்த நாள் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம் என்று தெரிவதில்லை. நான் புதன், வியாழன், சனி என்று மூன்று மாலைகளை மட்டும் குறித்து, ஐந்தரையிலிருந்து ஏழரைவரை என்று நேரத்தையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். மற்ற நாளில் யாராவது வந்தால் திருப்பி அனுப்புவதா என்று கேட்பீர்கள். அன்றைய நைவேத்தியம் எப்படியும் ஒரு கிண்ணம் இருக்கும். தாம்பூலப் பையும் ஐந்தாறு தயாராக இருக்கும். வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. பூ விலை ஏறுகிற நாள்கள் வெள்ளிக்கிழமையும் ஆயுதபூஜைக்கு முந்தைய நாளும்தான். நாம் புதன்கிழமையே உதிரிச் சாமந்தியும் ஒரு பிடி மரிக்கொழுந்தும் வாங்கி, பேசிக்கொண்டே கட்டிவிடலாம்.

அடுத்தது படி. கடையில் இரும்புப் படி விற்கிறார்கள். ஆண்டில் பத்து நாள் நிற்பதற்காக மற்ற நாளெல்லாம் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காலில் இடித்துக்கொள்ள வேண்டும். என் படிகள் இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு பெஞ்சுப் பலகை, பள்ளிக்கூடப் பழைய புத்தகங்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம்; வாடகை வீட்டுக் கூடத்துக்கு ஐந்து தாராளம். அழகு தீர்மானமாவது படியின் எண்ணிக்கையிலன்று, அதன்மேல் விரிக்கும் துணியில். ஒரு படியின் உயரமும் அகலமும் தலா இருபத்தைந்து செண்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து படிக்கு மேலிருந்து கீழாக இரண்டரை மீட்டர் துணி வேண்டும். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம். மேலே பின்பக்கம் செருகவும் கீழே மடித்துவிடவும் போக, ஒட்டோ தையலோ இல்லாமல், ஒரே துணியில் ஐந்து படியும் மூடிவிடுகிறது; கரை இருபுறமும் ஓரமாக இறங்குவதே தனி அலங்காரம். கணவரின் வேட்டியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கொலு எடுத்ததும் துவைத்துக் கொடுத்துவிட்டால் அவருக்குக் குறையொன்றுமில்லை.

ஜரிகைத் தாளும், மினுக்கி மினுக்கி அணைகிற சீரியல் விளக்கும் என் கருத்தில் பொம்மைக்குப் பகை. வெள்ளைத் துணிமேல் மண் பொம்மையின் நிறம் எழுந்து நிற்கும்போது, மேலே மூலையிலிருந்து மஞ்சள் ஒளி தருகிற ஒரே ஒரு விளக்கு விழுந்தால் போதும். குத்துவிளக்கைத் தரையில், துணியிலிருந்து கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் வையுங்கள். பருத்தித் துணியும் எண்ணெய்த் திரியும் குழந்தைகளும் ஒரே இடத்தில் கூடுகிற பண்டிகை இது.

பொம்மைகளைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை வாங்குவது என்ற பழைய வழக்கமே நல்ல சிக்கன விதி. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி ஆகிய ஊர்களில் செய்யும் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் பூம்புகார் விற்பனை நிலையக் கண்காட்சிகளுக்கு வருகின்றன. முழுத் தொகுப்பு வாங்க வேண்டுமென்ற ஆசையை அடக்கி ஒன்றே ஒன்றை வாங்கினால், அது எந்த ஆண்டு வந்தது என்ற கதையும் கூடவே சேர்ந்துவிடும். எங்கள் மேல்படியில் கலசத்துக்கு அருகே நிற்கும் மரப்பாச்சி இணை என் பாட்டியின் கல்யாணச் சீரில் வந்தது. பெண் மரப்பாச்சியின் மூக்கு மழுங்கிவிட்டது. வருகிறவர்கள் விலையுயர்ந்த தசாவதாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த மழுங்கிய மூக்கைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மளிகைக் கடைக்காரராக உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மைக்கு முன்னால் சின்னச் சின்ன மூடிகளில் அரிசியும் பருப்பும் பரப்புவதையும், தரையில் பூங்கா போடுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். நான்கைந்து நாள் முன்பே ஒரு தட்டு மண்ணில் கடுகும் கேழ்வரகும் தூவி நீர் தெளித்து வந்தால், முதல் நாளுக்குப் பச்சைப் புல்வெளி தயார். செலவு இரண்டு கரண்டித் தானியம்.

இனிச் சுண்டல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என்ன செய்வது என்று தினமும் மண்டையைக் குடைந்துகொள்ளத் தேவையில்லாமல், நவகிரகத் தானிய வரிசையே நமக்கு ஒரு பட்டியல் போட்டுவைத்திருக்கிறது. புதனுக்குப் பச்சைப்பயறு, வியாழனுக்குக் கொண்டைக்கடலை, வெள்ளிக்கு மொச்சை, சனிக்கு எள். திங்களுக்கு அரிசி என்பதால் எங்கள் வீட்டில் அன்றைக்குப் புட்டு. பல வீடுகளில் புட்டு வெள்ளிக்கிழமைதான் செய்வார்கள். நான் மாற்றிக்கொண்டதற்காக அம்பாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சனிக்கிழமைக்கு எள்ளுருண்டையை இரண்டு நாள் முன்பே பிடித்து டப்பாவில் போட்டுவிடலாம். அன்றைக்குக் கூடவே கடலைப்பருப்புச் சுண்டல். கடலைப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினாலே போதுமென்பதால், முதல் நாள் ஊறப்போட மறந்தவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

அளவு தெரியாமல்தான் பலர் ஒன்று பற்றாமல் விழிக்கிறார்கள், அல்லது மூன்று நாள் சுண்டலையே சாப்பிடுகிறார்கள். கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஏறக்குறைய இரு மடங்கு எடையாகிறது. ஒரு தொன்னைக்கு ஐம்பது, அறுபது கிராம் என்றால், ஒரு கிலோ உலர்ந்த கடலை முப்பத்தைந்து பேருக்குத் தாராளமாக வரும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு இறக்கிவிடுகிறேன். வடித்த நீரைக் கொட்டாதீர்கள். அன்றைய ரசத்துக்கு அதைவிட நல்ல அடிநீர் கிடைக்காது. பச்சைப்பயறு அப்படியன்று. காலையில் ஊறப்போட்டு மாலையில் வேகவைத்தால் ஒரே விசில். இரண்டாவது விசிலைக் காதில் வாங்காமல் விட்டால் சுண்டல் கூட்டாகிவிடும்.

மாலை ஐந்து மணிக்கு எண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கடலையைப் போட்டு ஈரம் போகப் புரட்டி அடுப்பை அணைத்துவிடுகிறேன். தேங்காய்த் துருவலை மட்டும் அப்போது சேர்ப்பதில்லை. புழுக்கமான மாலையில், சூடான சுண்டலோடு கலந்த தேங்காய் இரண்டு மணி நேரத்திலேயே வாடை காட்டத் தொடங்கிவிடும். துருவலைத் தனிக் கிண்ணத்தில் மூடிவைத்து, பத்துப் பத்துப் பேருக்கு வேண்டியதை மட்டும் ஒரு பாத்திரத்தில் எடுத்துக் கலந்தால், கடைசியாக வருகிறவருக்கும் முதலில் வந்தவருக்குக் கிடைத்த அதே மணம் கிடைக்கும். இந்த வேலைக்கு அடுப்பு வேண்டியதில்லை; கூடத்திலேயே, பேச்சை நிறுத்தாமல் செய்யலாம். யாழ்ப்பாணத்தில் நவராத்திரிக்குக் கும்பம் வைத்து, பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வாணி விழா நடத்தி, அவலும் கடலையும் பகிர்வார்கள். நூறு பேர் கூடுகிற இடத்திலும் இரண்டே பண்டத்தோடு அவர்கள் நிறைவாக முடித்துவிடுவதைப் பார்க்கும்போது, என் முதல் கொலுவின் வடை இன்னமும் என்னை உறுத்துகிறது.

கடைசியாகத் தாம்பூலம். நவராத்திரிச் செலவில் பெரும்பங்கு சுண்டலுக்குப் போவதில்லை, இந்தப் பைக்குள் போகிறது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு துண்டுப் பூ, ஒரு பழம் என்பதோடு நின்றிருந்த தாம்பூலத்தில் இப்போது பிளாஸ்டிக் டப்பா, முலாம் பூசிய கிண்ணம், ரவிக்கைத் துணி என்று ஏறிக்கொண்டே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒருவருக்குக் கொடுத்த ஊதா நிற ரவிக்கைத் துணியின் மடிப்பில், மஞ்சள்பொடி சிந்திய கறை ஒன்று இருந்தது. இரண்டு நவராத்திரி கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு வீட்டில் எனக்குக் கிடைத்த தாம்பூலத்தில் அதே துணி, அதே கறையோடு, மடிப்புக்கூடக் கலையாமல் என்னிடமே வந்து சேர்ந்தது. நடுவில் எத்தனை வீட்டுப் படியேறி இறங்கியதோ! அதன் பிறகு நான் யாருக்கும் ரவிக்கைத் துணி கொடுப்பதில்லை. அந்த ஊதாத் துணியைத் தைத்து உடுத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. ஆளுக்கு இரண்டு வீதம் ஐம்பது பேருக்குச் சரியாக வரும். நீர் தெளித்து வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போர்த்தி வைத்தால் மூன்று நாளைக்கு வாடாது. முழுத் தேங்காய் கொடுக்க முடியாதவர்கள் ஒரு வாழைப்பழத்தோடு கொடுக்கலாம். மற்றவர் வீட்டில் நமக்குக் கிடைக்கிற தேங்காய்கள் நம் சுண்டலுக்குத் துருவலாகட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், பைக்கு மஞ்சள் துணிப்பையும் சுண்டலுக்குத் தொன்னையுமே சரி. தனியாக ஒரு பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்று மனம் கேட்காவிட்டால், பிடித்துவைத்த எள்ளுருண்டையில் இரண்டைத் தாளில் மடித்து வையுங்கள். அது வேறு வீட்டுக்குச் சுற்றில் போகாது.

போன ஆண்டு வியாழக்கிழமை மாலை, அம்மாவின் அந்தச் சிநேகிதி மறுபடியும் மாடி ஏறி வந்தார். சுவரோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் அவர் காலடியில் பாயில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று பாட்டுப் பாடினார். இரண்டாவதில் சரணம் மறந்துபோய், நானும் மறந்துபோய், வந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் எடுத்துக்கொடுத்தாள்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் கொலுவை எடுக்கும்போது, பொம்மைகளைப் பழைய பருத்திப் புடவைத் துண்டுகளில் சுற்றிவையுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளை நிறப் பொம்மைகளில் ஒட்டிக்கொள்கிறது. பெட்டிக்குள் மேலாக ஒரு தாளில், எந்த நாள் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு கடலை போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்று நான்கு வரி எழுதிப் போட்டு மூடுங்கள். அடுத்த புரட்டாசியில் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் வருவது அந்தத் தாளாக இருக்க வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.